ஆராதனைக்குப் போகும்போது எதை வெளியே விட்டுவிட்டுப் போகிறீர்கள்?

ஞாயிற்றுக்கிழமை காலையில் வடசென்னையில் ராயபுரத்திலிருந்து திருவொற்றியூர் பக்கமாக வந்தால் வழியெல்லாம் ஆராதனைச் சத்தம்தான். ராயப்பர் கோயிலில் பூசை, சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) சபைகளில் பாமாலை, மாடி ஹாலில் கூடும் பெந்தெகொஸ்தே சபைகளில் டிரம்ஸும் கைத்தட்டலும் ஸ்தோத்திரமும். இவ்வளவு பேர் உண்மையாகவே ஆண்டவரைத் தேடி வருகிறோம், கண்ணீரோடு பாடுகிறோம், ஆனால் வருஷக்கணக்காக வந்தும் வீட்டில் அதே சண்டை, அதே பயம், அதே வாய் என்றால் மாற்றம் எங்கே அடைபட்டு நிற்கிறது என்று கேட்டுத்தான் ஆக வேண்டும்.

எனக்குத் தெரிந்த பதில் இதுதான். வாழ்க்கையில் எந்தப் பகுதியை ஆராதனைக்குள் கொண்டுவருகிறோமோ, அந்தப் பகுதிதான் மாறுகிறது. கடனையும் கோபத்தையும் தொழிலையும் வாசலில் செருப்போடு கழற்றி வைத்துவிட்டு உள்ளே போய்ப் பாடினால், திரும்பி வரும்போது அவற்றை அப்படியே மாட்டிக்கொண்டு வர வேண்டியதுதான்.

ஏசாயா 6ஆம் அதிகாரத்தை ஒருமுறை நிதானமாக வாசித்துப் பாருங்கள். கர்த்தருடைய பரிசுத்தத்தைப் பார்த்ததும் அந்தத் தீர்க்கதரிசி பொத்தாம்பொதுவாக "நான் பாவி" என்று சொல்லவில்லை, நான் அசுத்த உதடுகளுள்ள மனுஷன் என்று இடத்தைக் குறிப்பிட்டுச் சொன்னார். பலிபீடத்திலிருந்து வந்த நெருப்புத்தழல் தொட்டதும் அந்த உதடுகளைத்தான். நாம் மாற வேண்டும் என்பதற்காக ஆராதிப்பதில்லை, அவர் ஆராதனைக்குத் தகுதியானவர் என்பதால்தான் ஆராதிக்கிறோம், அது முதலில் மனதில் இருக்கட்டும். ஆனால் அப்படி அவர் முன்னால் நிற்கும்போது நம்முடைய எந்த இடம் எரிய வேண்டும் என்பது தெரிந்துவிடும், அதை மறைக்காமல் சொல்லிவிடுங்கள்.

சரி, தினமும் எப்படி ஆரம்பிப்பது? "அதிகாலையில் தனி அறையில் அமைதியாக உட்காருங்கள்" என்று பல பேர் சொல்வார்கள். தண்டையார்பேட்டையிலோ வியாசர்பாடியிலோ ஒரே அறையில் அஞ்சு பேர் படுக்கும் வீட்டில் அந்தத் தனி அறைக்கு எங்கே போவது? விடியற்காலையில் மெட்ரோ வாட்டர் வரும் நேரத்தில் அடிபம்பு முன்னால் குடத்தோடு நிற்க வேண்டும். அந்த நேரத்தையே எடுத்துக்கொள்ளுங்கள் என்கிறேன். சங்கீதம் 117 இரண்டே வசனம். 100 ஐந்து வசனம், 23 ஆறு வசனம். இந்த மூன்றையும் மனப்பாடம் பண்ணிவிட்டால் புத்தகம் வேண்டாம், விளக்கு வேண்டாம், பம்பு அடித்துக்கொண்டே மனதுக்குள் சொல்லலாம். ஒரு குடம் நிறைவதற்குள் 117 முடிந்துவிடும். தினமும் பண்ணும் வேலை ஒன்றோடு வசனத்தைச் சேர்த்துக் கட்டிவிட்டால் மறக்காது, நேரம் கிடைக்கவில்லை என்ற சாக்கும் இருக்காது.

அடுத்தது நன்றி. "அவர் செய்த சகல உபகாரங்களையும் மறவாதே" என்கிறது சங்கீதம் 103. நாமோ "எல்லாவற்றுக்காகவும் ஸ்தோத்திரம் ஆண்டவரே" என்று ஒரே மூச்சில் முடித்துவிடுகிறோம். உபகாரத்தைப் பெயர் சொல்லிச் சொல்லுங்கள். நேற்று மாமியார் நான் கேட்காமலேயே மீன் கழுவி வைத்தார்கள், அதற்காக ஸ்தோத்திரம் என்று காலையில் சொன்னவள், பத்து மணிக்கு அதே மாமியார் ஏதோ சொல்லும்போது எடுத்தவுடனே எரிந்து விழ மாட்டாள், வாய் வரைக்கும் வந்த வார்த்தை கொஞ்சம் தயங்கும். அந்தத் தயக்கம்தான் மாற்றத்தின் முதல் அடையாளம், அதைச் சின்ன விஷயம் என்று நினைக்காதீர்கள்.

இப்போது சொல்லப்போவதை நம் சபைகளில் போதுமான அளவுக்குச் சொல்லிக்கொடுப்பதில்லை என்பது என் வருத்தம். புலம்பலும் ஆராதனைதான். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் காசிமேட்டில் விசைப்படகெல்லாம் கட்டிக் கிடக்கும். அந்த நாட்களில் வட்டிக்கு வாங்கிக் குடும்பம் ஓட்டுகிறவன் ஞாயிற்றுக்கிழமை சபைக்கு வந்து "சந்தோஷமா பாடுங்க" என்ற வார்த்தையைக் கேட்டுச் சிரித்த முகத்தோடு கை தட்ட வேண்டுமா? 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் கலந்து எண்ணூர் முகத்துவாரத்தில் படகும் வலையும் கருப்பாகிப் போனதே, அந்தக் குடும்பங்கள் எந்தப் பாட்டைப் பாடும்?

வேதத்திலேயே அதற்குப் பாட்டு இருக்கிறது. "கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்" என்று ஆரம்பிக்கிறது சங்கீதம் 13. கடைசி வசனத்தில் பாடுவேன் என்று முடிந்தாலும், நடுவில் இருக்கிற கேள்வியை யாரும் அழித்துவிடவில்லை. 88 இன்னும் கடினம், அது ஆறுதல் வார்த்தையில் முடியாமல் இருளிலேயே முடிகிறது. அப்படி ஒரு ஜெபத்தையும் தேவன் தம்முடைய புத்தகத்தில் வைத்திருக்கிறார் என்றால் நம் அழுகையும் அவருக்கு அந்நியம் இல்லை. செய்ய வேண்டியது இவ்வளவுதான்: 13ஆம் சங்கீதத்தை ஒவ்வொரு வசனமாக வாசியுங்கள், ஒவ்வொரு வசனத்துக்கும் பிறகு உங்கள் விஷயத்தைச் சொல்லுங்கள், தொகை என்றால் தொகை, ஆள் என்றால் ஆள் பெயர். உடனே "ஆனாலும் ஸ்தோத்திரம்" என்று தாண்டிப் போகாதீர்கள். கடைசி வசனத்தை இன்றைக்குச் சொல்ல முடியவில்லையா, அஞ்சோடு நிறுத்துங்கள், நாளைக்குத் திரும்ப வாருங்கள். தேவனிடம் கொட்டி அழுத கோபத்தைப் பிள்ளைகள் முதுகில் காட்டத் தோன்றாது. (உயிரே வேண்டாம் என்கிற அளவுக்குப் பாரம் இருந்தால் ஜெபத்தோடு மருத்துவரிடமும் போங்கள், அது விசுவாசக் குறைவு இல்லை.)

மத்தேயு 5:23, 24 நம்மில் பல பேர் வேகமாகக் கடந்து போகும் இடம். காணிக்கை கொண்டுவந்து பலிபீடத்தின் முன்னால் நிற்கும்போது சகோதரனுக்கு உன்மேல் குறை உண்டென்று நினைவு வந்தால், காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டுப் போய் முதலில் ஒப்புரவாகு என்கிறார் இயேசு. எங்கள் தெருவில் ஒரு அக்கா, அப்பா வீட்டுப் பங்கு விஷயமாகத் தம்பியோடு பேச்சுவார்த்தையே இல்லை. திருவிருந்து ஞாயிறு ஒன்றில் எல்லாரும் அப்பமும் ரசமும் வாங்க வரிசையில் போக, அவர்கள் மட்டும் எழுந்திருக்கவில்லை. ஆராதனை முடிந்ததும் நேராகப் பேருந்து பிடித்து ஓட்டேரிக்குப் போனார்கள், கையில் பிள்ளைகளுக்கு ஒரு பாக்கெட் மிக்சர். தம்பி வாசலிலேயே நிற்க வைத்துத்தான் பேசினார், உள்ளே கூப்பிடவில்லை. பங்கு விஷயம் இன்னமும் தீரவில்லை, ஆனால் இப்போது போன் பண்ணினால் எடுக்கிறார். நீங்களும் இப்படிப் போவதாக இருந்தால் நியாயம் பேசப் போகாதீர்கள், உங்கள் பக்கத்துத் தப்பை மட்டும் சொல்லிவிட்டு வாருங்கள். ஒரு எச்சரிக்கையும் உண்டு. அடித்துத் துன்புறுத்துகிற ஆளிடம் தனியாகத் திரும்பிப் போகச் சொல்கிற வசனம் இல்லை இது.

அப்புறம் தொழில். ரோமர் 12:1 சரீரத்தையே ஜீவபலியாக ஒப்புக்கொடுப்பதைத்தான் புத்தியுள்ள ஆராதனை என்கிறது. அப்படியென்றால் மீன் நிறுக்கும் தராசும், எம்.சி. ரோடு துணிக்கடையில் சொல்லும் விலையும், ஆட்டோவில் ஏறிய வயசானவரிடம் கேட்கும் கூலியும் இதில் வந்துவிடுகிறது. கடை திறக்கும்போது தராசின்மேல் கை வைத்து ஒரு வரி ஜெபம் பண்ணிப் பாருங்கள். ஜெபம் பண்ணிய தராசில் விரலை வைத்து அழுத்த மனசு வராது. ஆமோஸ் 5இல் பாட்டுச் சத்தத்தை என்னைவிட்டு அகற்று, நியாயம் தண்ணீரைப்போலப் புரண்டு வரட்டும் என்று கர்த்தர் சொல்வது இந்த இடத்தைத் தொட்டுத்தான்.

உடம்பு சிலிர்த்ததா, கண்ணீர் வந்ததா என்பதை வைத்து ஆராதனையை அளக்காதீர்கள். வந்தால் நல்லது, வராவிட்டாலும் அவர் அங்கே இருக்கிறார். முழங்கால் போடுவதோ கை உயர்த்துவதோ உங்கள் சபை வழக்கப்படி இருக்கட்டும்.

வீட்டில் குடும்ப ஜெபம் இருந்தால் பத்து நிமிஷத்துக்கு மேல் இழுக்க வேண்டாம், பாட்டைப் பிள்ளைகளே தேர்ந்தெடுக்கட்டும். "ஆண்டவரே, இவனுக்குப் படிக்கிற புத்தியைக் கொடும்" என்று பையன் காதுபட ஜெபத்திலேயே திட்டுவதை நிறுத்துங்கள், அவன் ஜெபத்தையே வெறுத்துவிடுவான். அதற்குப் பதிலாக உங்கள் தப்பை அவன் முன்னால் அறிக்கையிடுங்கள். மணலியிலோ துறைமுகத்திலோ ஞாயிறு ஷிப்ட் மாட்டுகிறவர்கள், உங்கள் சபையில் சாயங்கால ஆராதனையோ வாரநாள் கூடுகையோ இருந்தால் அதை விடாமல் பிடித்துக்கொள்ளுங்கள், இல்லையென்றால் ஆயரிடம் போய்க் கேளுங்கள், உங்களைப் போல ஷிப்ட் போகிறவர்கள் அதே சபையில் இன்னும் நாலு பேராவது இருப்பார்கள்.