நியுவே தீவை வரைபடத்தில் படிப்பது எப்படி

பசிபிக் தீவு என்றாலே மணலும் சாய்ந்த தென்னையுமாக ஒரு படம் மனதில் வந்து நிற்கும். நியுவேயைத் தெரிந்துகொள்ள உட்காரும்போது அதை முதலில் ஓரமாக வையுங்கள். டோங்கா, சமோவா, குக் தீவுகள் மூன்றுக்கும் நடுவே கிடக்கும் இந்த 260 சதுர கிலோமீட்டர் நிலம், கடலுக்கு மேலே தூக்கப்பட்ட ஒரு பழைய பவளத்திட்டு.

அதனால் கரையோரக் கோட்டைவிட உயரத்தைப் பாருங்கள். கடலிலிருந்து செங்குத்தாக ஏறும் பாறை, அதன் மேல் ஒரு குறுகலான படி, அதற்கும் மேலே நடுவில் மேட்டுநிலம், எல்லாம் சேர்ந்தும் 70 மீட்டரைத் தாண்டாது. ஒதுங்கி நிற்கத் துறைமுகம் கிடையாது. தலைநகர் அலோஃபியின் படகுத்துறையில் படகைக் கிரேனில் கட்டித் தொங்கவிட்டுத்தான் தண்ணீரில் இறக்குகிறார்கள், திரும்பி வந்தால் அதே கிரேன்தான் மேலே தூக்க வேண்டும். 2004 ஜனவரியில் ஹெட்டா புயல் வந்தபோது அலைகள் அந்தப் பாறைச் சுவரையே தாண்டி மேலேறி மருத்துவமனையை அழித்தன.

அப்புறம் ஆற்றைத் தேடிப் பாருங்கள். கிடைக்காது. பெய்யும் மழையெல்லாம் சுண்ணாம்புப் பாறைக்குள் இறங்கி, அடியில் உப்புநீரின் மேல் நன்னீராக மிதக்கிறது, குழாய்க் கிணறு போட்டு அதை எடுக்கிறார்கள். மண்ணும் பாறை இடுக்குகளில் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் இருக்கிறது, அந்த இடுக்குகளிலேயே சேப்பங்கிழங்கு நடுகிறார்கள்.

சரி, காட்டுக்கு வருவோம். கிழக்கே ஹக்குப்பு, லிக்கு ஊர்களுக்கு இடையே இருப்பது ஹுவாலு காடு, அதில் ஒரு பகுதி 'தாப்பு', யாரும் நுழையக் கூடாத இடம். அதுதான் பழைய காடு. வரைபடத்தில் பச்சையாகத் தெரிவதை எல்லாம் அப்படி எண்ணிவிடாதீர்கள், நிறைய இடங்களில் அது பயிர் செய்ய ஆளில்லாமல் விட்ட தோட்டங்களின் மேல் திரும்ப முளைத்த காடு. எனக்கு இந்தத் தீவில் மிக முக்கியமாகப் படுவது இதுதான், மக்கள்தொகைக் கதையை மரங்களே சொல்லிவிடுகின்றன.

1966-இல் இங்கே 5,000 பேருக்கு மேல் இருந்தார்கள். 2022 கணக்கெடுப்பில் 1,700 பேர்கூட இல்லை. நியுவே மக்கள் நியூசிலாந்துக் குடிமக்கள், 1970-களின் தொடக்கத்தில் விமான நிலையமும் வந்துவிட, குடும்பம் குடும்பமாகப் போய்விட்டார்கள். ஆகவே தீவின் எண்ணிக்கையை மட்டும் எழுதிவிட்டு நிறுத்தாதீர்கள். நியூசிலாந்தில் தங்களை நியுவே மக்கள் என்று பதிந்தவர்கள் 2018-லேயே 30,000 பேருக்கு மேல், இரண்டையும் ஒரே வரியில் எழுதுங்கள்.

தீவைச் சுற்றி வரும் சாலை அறுபது சொச்சம் கிலோமீட்டர், 14 ஊர்களில் பெரும்பாலானவை அதை ஒட்டியே இருக்கின்றன. வழியில் பூட்டிய வீடுகளையும் சாலையோரத்திலேயே குடும்பக் கல்லறைகளையும் பார்ப்பீர்கள். அந்த வீடுகளைக் கைவிடப்பட்டவை என்று குறித்துக்கொள்ளாதீர்கள், நிலம் அங்கே பெருங்குடும்பத்துக்குச் சொந்தம், ஆக்லாந்தில் பிறந்த பேரனுக்கும் அதில் பங்கு உண்டு.