ஒரு மூலை வரைந்தால் போதும்: இங்க்ஸ்கேப்பில் மிரரும் குளோனும்

ஒரு சான்றிதழுக்கு பார்டர் வரைந்துகொண்டிருந்தேன். நான்கு மூலையிலும் ஒரே இலைக்கொடி. அதே டிசைன் ஏ4, ஏ5, ஏ3 என்று மூன்று அளவில் வேண்டும். ஒரு மூலையை வரைந்து, காப்பி எடுத்து, திருப்பி, ஒட்டி, பன்னிரண்டு கொடிகளையும் வைத்து முடித்தேன். மறுநாள் வாடிக்கையாளர் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "இலை நுனி கொஞ்சம் கூர்மை குறைவாக இருக்கட்டும்." பன்னிரண்டு இடத்திலும் கையால் திருத்தினேன். அதில் ஒரு மூலை விட்டுப்போய், அச்சாகி வந்த பிறகுதான் கண்ணில் பட்டது.

காப்பி எடுத்த நிமிடத்திலேயே அந்தப் படம் மூலத்திலிருந்து அறுந்துபோகிறது என்பது அன்று புரிந்தது. அறுந்துபோகாமல் வைத்துக்கொள்ளும் வழியைத்தான் இங்கே சொல்கிறேன். படம் வரையும் சாஃப்ட்வேர்களில் இங்க்ஸ்கேப் இலவசம் என்பதால் அதையே எடுத்துக்கொள்கிறேன். 1.2 பதிப்போ அதற்குப் பிந்தையதோ இருக்கட்டும். ஒரே கோப்பில் பல பக்கம் வைக்கும் வசதி 2022-ல் அந்தப் பதிப்பில்தான் வந்தது.

டூப்ளிகேட் வேறு, குளோன் வேறு

கன்ட்ரோல் + டி அடித்தால் வருவது டூப்ளிகேட். அது தனி ஆள். மூலத்துக்கும் அதற்கும் இனி தொடர்பு இல்லை. ஆல்ட் + டி அடித்தால் வருவது குளோன். இதற்கென்று சொந்தமாக உருவம் கிடையாது. "அந்தப் படத்தை இங்கேயும் காட்டு" என்ற ஒரு வரிதான் கோப்பில் எழுதப்படுகிறது. மூலத்தை மாற்றினால் குளோனும் கூடவே மாறும்.

பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். சந்தேகம் வந்தால் செலக்ட் செய்துவிட்டு, திரையின் அடியில் உள்ள தகவல் வரியைப் பாருங்கள். குளோன் என்றால் அங்கே அப்படியே எழுதியிருக்கும். ஷிஃப்ட் + டி அடித்தால் நேராக அதன் மூலத்துக்குக் கொண்டுபோய் விடும். குளோனில் நோடுகளை, அதாவது வடிவத்தின் கோட்டில் உள்ள புள்ளிகளை, பிடித்து இழுக்க முடியாது. புதிதாகக் கற்பவர்கள் இங்கேதான் சாஃப்ட்வேர் கெட்டுவிட்டது என்று பதறுகிறார்கள். கெடவில்லை, மூலத்துக்குப் போய் இழுக்க வேண்டும், அவ்வளவுதான்.

முதல் மூலை

ஏ4 பக்கம், நிமிர்ந்த வாக்கில். அகலம் 210 மி.மீ., உயரம் 297 மி.மீ. ரூலரிலிருந்து ஒரு செங்குத்து வழிகாட்டிக் கோட்டை இழுத்துவிடுங்கள். அதன்மேல் இரட்டை கிளிக் செய்தால் எண் கேட்கும். 105 என்று கொடுங்கள். படுக்கைவாக்கில் இன்னொன்று, 148.5. இரண்டும் வெட்டும் புள்ளிதான் பக்கத்தின் நடு. கோட்டுக்கு அருகே கொண்டுபோனதும் தானே ஒட்டிக்கொள்ளச் செய்யும் ஸ்னாப் வசதியை இயக்கிவைத்துக்கொள்ளுங்கள்.

இனி இடது மேல் மூலையில் மட்டும் கொடியை வரையுங்கள். இலை, தண்டு, மொட்டு எல்லாவற்றையும் சேர்த்து கன்ட்ரோல் + ஜி அடித்து ஒரே குரூப் ஆக்குங்கள். இந்தக் குரூப்புக்குள் எழுத்து எதையும் வைக்காதீர்கள். திருப்பினால் எழுத்தும் தலைகீழாகிவிடும்.

திருப்புவது எதை வைத்து?

செலக்ட் கருவியில் இருக்கும்போது எச் அடித்தால் படம் இடவலமாகத் திரும்பும், வி அடித்தால் மேல்கீழாக. ஆனால் சாதாரணமாக அடித்தால் படம் தன் நடுவை வைத்தே திரும்பும். அதே இடத்தில் நின்றபடி முகத்தை மட்டும் மாற்றிக்கொள்ளும். நமக்கோ அது பக்கத்தின் எதிர்ப்புறம் போய் உட்கார வேண்டும்.

அதற்கு ஒரு வழி இருக்கிறது. செலக்ட் ஆன குரூப்பை இன்னொரு முறை கிளிக் செய்யுங்கள். ஓரத்து அம்புகள் வளைந்த அம்புகளாக மாறும், நடுவில் சின்னதாக ஒரு கூட்டல் குறி தெரியும். அதுதான் சுழல் மையம். அதைப் பிடித்து இழுத்து, இரண்டு வழிகாட்டிக் கோடுகளும் வெட்டும் புள்ளியில் விடுங்கள். வளைந்த அம்பு தெரியும் நிலையில் எச் அடித்தால், இங்க்ஸ்கேப் அந்தக் குறியையே கண்ணாடியாக எடுத்துக்கொள்ளும்.

இப்போது வரிசையாகச் செய்யுங்கள்:

1. குரூப்பை செலக்ட் செய்து ஆல்ட் + டி அடியுங்கள். குளோன் மூலத்தின் மேலேயே அச்சாக உட்காரும். ஒன்றும் நடக்காததுபோலத் தெரியும்.
2. வளைந்த அம்புகள் வரும்வரை கிளிக் செய்யுங்கள். கூட்டல் குறி பக்கத்தின் நடுவில்தான் நிற்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் இழுத்து வையுங்கள்.
3. எச் அடியுங்கள். வலது மேல் மூலையில் கொடி போய் நிற்கும்.
4. ஷிஃப்டைப் பிடித்துக்கொண்டு மூலத்தையும் குளோனையும் சேர்த்து செலக்ட் செய்து கன்ட்ரோல் + ஜி. மேல் பாதி தயார்.
5. இந்தப் பெரிய குரூப்பின் சுழல் மையத்தையும் பக்கத்தின் நடுவுக்குக் கொண்டுவாருங்கள். ஆல்ட் + டி, வளைந்த அம்புகள், பிறகு வி.

நான்கு மூலையும் வந்துவிட்டது, வரைந்தது ஒன்றுதான். சோதித்துப் பாருங்கள்: மூல இலையை இரட்டை கிளிக் செய்து குரூப்புக்குள் நுழைந்து, ஒரு நோடை மட்டும் நகர்த்துங்கள். நான்கு இலையும் சேர்ந்து அசையும். பல ஆண்டுகளாகச் செய்கிறேன், இன்றும் அந்த அசைவைப் பார்க்கப் பிடிக்கிறது.

நடுவில் ஒட்டுத்தெரிந்தால்

ஒரே இலையின் இரண்டு பாதிகளைக் குளோனாகச் சேர்த்தால், நடுவில் மயிரிழை போல ஒரு வெள்ளைக் கோடு தெரியலாம். இரண்டும் தனித்தனி வடிவம் என்பதால் விளிம்புகளைத் திரை மென்மையாக்கும்போது வரும் இடைவெளி அது. இங்கே குளோன் சரிப்படாது. பாத் எஃபெக்ட்ஸ் பகுதியில் மிரர் சிமெட்ரி என்று ஒன்று இருக்கிறது, அதைப் போடுங்கள். ஃப்யூஸ் பாத்ஸ் என்ற தேர்வை டிக் செய்தால் இரண்டு பாதியும் ஒரே வடிவமாக ஒட்டிக்கொள்ளும். பாதியை இழுக்க, மறுபாதி தானே பின்தொடரும். ஒரே உருவத்தின் சமச்சீருக்கு இந்த எஃபெக்ட், ஒரே உருவம் பல இடத்தில் வர குளோன். என் வேலையில் இப்படித்தான் பிரித்துக்கொள்கிறேன்.

மற்ற அளவுகளுக்கு

பேஜ் கருவியில் ஏ5, ஏ3 பக்கங்களைச் சேர்த்துக்கொள்ளுங்கள். நான்கு மூலையையும் ஒரே குரூப்பாக்கி, ஆல்ட் + டி அடித்து, ஏ5 பக்கத்துக்கு இழுத்துப் போங்கள். ஏ வரிசைத் தாள்கள் எல்லாவற்றுக்கும் நீள அகல விகிதம் ஒன்றே என்பதால், ஏ5-க்கு சுமார் 70.7 சதவீதம், ஏ3-க்கு சுமார் 141.4 சதவீதம் என்று மாற்றினால் பார்டர் கச்சிதமாகப் பொருந்தும். இழுக்கும்போது கன்ட்ரோலை அழுத்திக்கொண்டால் விகிதம் குலையாது.

குளோனைச் சிறிதாக்கினால் கோட்டின் தடிமனும் கூடவே சிறுக்கும். மேலே உள்ள கோட்டுத் தடிமன் பட்டனை அணைத்து வைத்தாலும் இது நடக்கும். ஏ4-ல் 1 மி.மீ. இருந்த கோடு ஏ5-ல் சுமார் 0.7 ஆகும். நீளமும் அகலமும் கால் பங்கான அட்டைக்குக் கொண்டுபோனால் 0.25 மி.மீ.தான் மிஞ்சும். அச்சில் அந்தக் கோடு நிற்குமா என்று முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள்.

சதுரமான போஸ்டர், அகலமான பேனர் என்றால் முழு பார்டரையும் இழுத்து நீட்டாதீர்கள், இலை நசுங்கிவிடும். மூல மூலையை மட்டும் குளோன் எடுத்து, அந்தப் பக்கத்தின் நடுவை மையமாக வைத்து மீண்டும் திருப்புங்கள். எவ்வளவு சின்னத் துண்டைக் குளோன் எடுக்கிறீர்களோ, அவ்வளவு வகை லேஅவுட்டுக்கு அது உதவும்.

பக்கத்துக்குப் பக்கம் வேறு நிறம் வேண்டுமா?

குளோனின் நிறத்தை மாற்றிப் பார்த்தால் மாறாது, மூலத்தின் நிறமே நிற்கும். மூலத்தில் எந்த வடிவத்தின் நிறம் மாற வேண்டுமோ, அதை மட்டும் செலக்ட் செய்து, ஃபில் அண்ட் ஸ்ட்ரோக் பேனலில் கேள்விக்குறி போட்ட பட்டனை அழுத்துங்கள். நிறம் எதுவும் சொல்லாத நிலை அது. மூலம் கறுப்பாகத் தெரியும், பயப்பட வேண்டாம். இனி ஒவ்வொரு குளோனுக்கும் அதனதன் நிறத்தைக் கொடுக்கலாம். தண்டின் பச்சை எல்லா இடத்திலும் நிலையாக இருக்க, மொட்டு மட்டும் பக்கத்துக்கு ஒரு நிறமாக மாறும்.

மூலத்தை நகர்த்தும் முன்

பிரிஃபரன்சஸ் திறந்து, பிஹேவியர் பகுதியில் குளோன்ஸ் என்ற இடத்தை ஒருமுறை பார்த்துவிடுங்கள். மூலம் நகர்ந்தால் குளோன் கூடவே நகரட்டும், அசையாமல் நிற்கட்டும், தன் திருப்பத்துக்கு ஏற்ப நகரட்டும் என்று மூன்று தேர்வு இருக்கும். மூன்றாவதை வைத்தால், மிரர் செய்த குளோன் எதிர்த்திசையில் போகும். மூலத்தை உள்ளே தள்ள நான்கு மூலையும் உள்ளே வரும். பார்டர் வேலைக்கு அதுதான் எனக்குப் பிடித்தது. பல லேஅவுட் முடிந்த கோப்பில் அசையாமல் நிற்கும் தேர்வே பத்திரம்.

இன்னொன்று, வெளிச்சம். இலையின் இடது பக்கம் ஒளி விழுவதுபோல கிரேடியன்ட் (படிப்படியாக மாறும் நிறம்) போட்டிருந்தால், திருப்பிய இலையில் ஒளி வலது பக்கமிருந்து வரும். தட்டையான நிறத்தில் பிரச்சினை இல்லை. நிழல் வேண்டுமென்றால் மிரர் எல்லாம் முடிந்த பிறகு மொத்த பார்டருக்கும் சேர்த்துப் போடுங்கள்.

இல்லஸ்ட்ரேட்டரில் வேலை செய்பவர்களுக்கு: ஓ அடித்தால் ரிஃப்ளெக்ட் கருவி. ஆல்ட் பிடித்து கிளிக் செய்த இடம்தான் கண்ணாடி. மூலையை முதலில் சிம்பல் ஆக்கிவிட்டுத் திருப்பினால் இணைப்பு அறாது. ஃபிக்மாவில் காம்பொனென்ட் ஆக்கி, அதன் பிரதியை ஷிஃப்ட் + எச் அடித்துத் திருப்பலாம்.

வெளியே அனுப்பும்போது

பி.டி.எஃப். ஆக எடுத்தால் எந்தச் சிக்கலும் இல்லை. கட்டிங் மெஷினுக்கோ வேறு சாஃப்ட்வேருக்கோ இங்க்ஸ்கேப் சேமிக்கும் எஸ்.வி.ஜி. கோப்பையே கொடுப்பதானால், சிலவற்றுக்குக் குளோன் புரியாது, மூன்று மூலை காணாமல் போகும். முதலில் கோப்பை வேறு பெயரில் சேமியுங்கள். அந்தப் பிரதியில் எல்லாவற்றையும் செலக்ட் செய்து, எடிட் மெனுவில் குளோன் என்பதற்குள் அன்லிங்க் குளோன்ஸ் ரிகர்சிவ்லி என்பதைக் கொடுங்கள். குரூப்புக்குள் குரூப்பாக இருக்கும் குளோன்கள் எல்லாம் நிஜ வடிவங்களாகிவிடும். குளோன் உள்ள முதல் கோப்பு உங்களிடமே இருக்கட்டும். "இலை நுனியைக் கொஞ்சம் மாற்றணும்" என்று அடுத்த தடவை கேட்கும்போது திறக்க வேண்டியது அதைத்தான்.