பலாலியிலிருந்து திருச்சி எவ்வளவு தூரம்? கல்குலேட்டரில் போட்டுப் பார்ப்போம்

கிளிநொச்சியிலிருந்து அம்மாவை, யாழ்ப்பாணத்துப் பலாலி விமானநிலையம் வழியாகத் திருச்சிக்குக் கூட்டிப்போக வேண்டியிருந்தது. "எவ்வளவு நேரம் தம்பி பறக்கும்?" என்றார். தட்டிப் பார்த்து "22 நிமிசம்" என்றேன். உடனே சித்திக்குப் போன் எடுத்துச் சொல்லியும் விட்டார். அந்த 22 எங்கே பிழைத்தது என்பதைப் பிறகு சொல்கிறேன். முதலில் தூரம்.

ஆள்கூறு, அதாவது ஓரிடத்தின் அகலக்கோடும் நெடுங்கோடும், எடுப்பது எல்லாருக்கும் தெரிந்ததுதான். பலாலி 9 பாகை 47 கலை வடக்கு, 80 பாகை 4 கலை கிழக்கு. திருச்சி 10 பாகை 46 கலை வடக்கு, 78 பாகை 43 கலை கிழக்கு.

நான் சறுக்கிய இடம் இதுதான். 9 பாகை 47 கலையை 9.47 என்று அடித்துவிட்டேன். பாகைக்கு 60 கலை. ஆகவே 47ஐ 60ஆல் பிரித்து 9.78 என்று போடவேண்டும். நான் போட்டபடி பார்த்தால் விமானநிலையம் ஏறத்தாழ 35 கிலோமீற்றர் தெற்கே, பூநகரிப் பக்கம் போய்விட்டது! ஒரு மாலை முழுக்க அதிலேயே போனது.

இப்போது நான் தசமத்துக்கே மாற்றுவதில்லை. அகலக்கோட்டில் ஒரு கலை என்றால் ஒரு கடல் மைல், அதாவது 1.852 கிலோமீற்றர். கலையாகவே கழித்தால் போதும்.

வடக்கு–தெற்கு வித்தியாசம் 59 கலை. கிழக்கு–மேற்கு 81. நெடுங்கோடுகள் துருவத்தை நோக்கி நெருங்குவதால் இந்த 81ஐ அப்படியே எடுக்கக்கூடாது. இரண்டு இடமும் 10 பாகை அகலக்கோட்டை ஒட்டி இருப்பதால், 10 பாகையின் கோசைனால் (கல்குலேட்டரில் cos) பெருக்க, 80 வரும். அப்புறம் பள்ளிக்கூடத்துப் பைதகரஸ்: 59இன் வர்க்கம், 80இன் வர்க்கம், கூட்டி வர்க்கமூலம். 99 கடல் மைலுக்குச் சற்று மேல். கிலோமீற்றரில் 184.

சென்னை இன்னும் சுகம். பலாலிக்கு ஏறக்குறைய நேர் வடக்கே 13 பாகையில் இருப்பதால் வெறும் கழித்தல்தான்: 193 கலை, சுமார் 357 கிலோமீற்றர்.

கூகுள் மேப்பில் கோடு இழுத்தும் அளக்கலாம். சின்னத் திரையில் விரல் வழுக்கும். எனக்குக் கல்குலேட்டர்தான் சரி.

சரி, நேரம். இந்தத் தடத்தில் ஓடும் ஏரீஆர் 72 (ATR 72) என்ற சிறிய விமானம் மணிக்கு ஏறத்தாழ 500 கிலோமீற்றர் வேகத்தில் போகும். 184க்கு 22 நிமிடம் என்று வந்தது அப்படித்தான். ஆனால் ஓடுபாதைக்கு ஊர்வது, மேலே ஏறுவது, வட்டமடித்து இறங்குவது எல்லாம் அந்த வேகத்தில் நடக்காது. அதற்கு அரை மணித்தியாலம் கூட்டுங்கள்: திருச்சிக்கு 50 நிமிடத்துக்கு மேல், சென்னைக்கு ஒன்றேகால் மணித்தியாலம். ரிக்கெற்றில் போட்டிருக்கும் நேரமும் கிட்டத்தட்ட இதுதான். இரண்டு நாட்டுக்கும் கடிகாரம் ஒன்றென்பதால் நேரம் மாற்றும் தலையிடி இல்லை.

பின்சேர்க்கை: ஒருவருக்குக் கோசைன் கழித்தல் குறியோடு வந்ததாம். கல்குலேட்டர், கோணத்தை அளக்கும் இன்னொரு அலகான ரேடியனில் இருந்திருக்கிறது. பாகைக்கு மாற்றிவிட்டு அடியுங்கள்.

இன்னொருவர் வவுனியாவிலிருந்து கேட்டிருந்தார். அங்கிருந்து பலாலிக்கு ஏ9 வழியே ஏறத்தாழ 150 கிலோமீற்றர். திருச்சிக்குப் பறக்கும் தூரத்துக்கு அது அதிகம் குறைவில்லை. வானத்தில் பறக்கும் நேரத்தை விட்டுவிட்டு, பலாலிக்குக் கூட்டிப்போகும் வான் (van) எத்தனை மணிக்கு வரும் என்பதை முதலில் பாருங்கள்.