சேர்ந்து வாங்கிய கடனில் ஒருவர் கைவிரித்தால்: மலை விவசாயிகளுக்கு ஒரு வழிகாட்டி

கோத்தகிரிப் பக்கம் மூன்று விவசாயிகள் சேர்ந்து, மேட்டுப்பாளையம் மண்டிக்குக் கேரட் ஏற்ற ஒரு பிக்கப் வண்டிக் கடன் வாங்கினார்கள் என்று வைத்துக்கொள்வோம். பாக்கி 4,50,000 ரூபாய். ஒருவர் தவணையை நிறுத்திவிட்டார். மற்ற இருவரும் வங்கிக்குப் போய், "எங்க பங்கு ஆளுக்கு ஒன்றரை லட்சத்தைக் கட்டிடுறோம், மிச்சத்தை அவர்கிட்ட வாங்கிக்குங்க" என்கிறார்கள். மேலாளர் பணத்தை வாங்கிக்கொள்வார், ரசீதும் தருவார். பொறுப்பிலிருந்து மட்டும் விடமாட்டார். 1872ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டம் 43ஆம் பிரிவுப்படி, கூட்டாகக் கடன்பட்டவர்களில் எவரிடமும் முழுத் தொகையையும் கேட்கலாம். பங்கு என்பது உங்களுக்குள் போட்டுக்கொள்ளும் கணக்கு.

ஜாமீன்தாரருக்கும் இதே கதிதான். 128ஆம் பிரிவுப்படி கடனாளிக்கு எவ்வளவு பொறுப்போ, ஜாமீன்தாரருக்கும் அவ்வளவு. "முதல்ல அவர் வண்டியைப் பிடிங்க, அப்புறம் என்கிட்ட வாங்க" என்பது செல்லாது. தேயிலைக் காசு விழும் சேமிப்புக் கணக்கும் அதே வங்கியில் இருந்தால், அதிலிருந்து பிடித்துக்கொள்ளலாம் என்ற வரி பத்திரத்தில் பெரும்பாலும் இருக்கும். கையெழுத்துக்கு முன் அந்த வரியைத் தேடிப் படியுங்கள்.

அதே பிரிவில் "ஒப்பந்தத்தில் வேறுவிதமாகச் சொல்லியிருந்தால் தவிர" என்று ஒரு விலக்கும் உண்டு. "என் ஜாமீன் 1,00,000 ரூபாய் வரை மட்டுமே" என்று எழுதச் சொல்லிக் கேட்கலாம். வங்கி மறுக்கலாம்; கேட்பதில் நஷ்டமில்லை. வருடாவருடம் புதுப்பிக்கும் கடன் என்றால் இன்னும் கவனம் வேண்டும், பழைய ஜாமீனே புதிதாக எடுக்கும் பணத்துக்கும் தொடரும். எழுத்தில் நோட்டீஸ் கொடுத்தால் இனி எடுக்கும் பணத்துக்கு ஜாமீனை நிறுத்தலாம் (130ஆம் பிரிவு). அன்று வரை நிற்கும் பாக்கி உங்கள் தலையில்தான்.

கூட்டுக் கடனாளிகள் தங்களுக்குள்ளும் ஒரு ஒப்பந்தம் எழுதிக்கொள்ள வேண்டும்: யாருக்கு எத்தனை பங்கு, வண்டி யார் பேரில், தவணை எந்தத் தேதியில் யார் கணக்கிலிருந்து போகும். எழுதாவிட்டால் சட்டம் சமபங்கு என்றே எடுத்துக்கொள்ளும். வண்டியைப் பாதி நாள் ஒருவரே ஓட்டியிருந்தாலும் அதை நிரூபிக்கும் சுமை உங்களுடையது. பங்காளிகளுக்குள் எழுத்து வாங்குவது சங்கடம் என்று இதை விட்டுவிடுகிறார்கள்; உறைபனியில் கொழுந்து குறைந்து தவணை தட்டும்போதுதான் உண்மையான சங்கடம் தெரியும்.

வங்கியிடமிருந்து நோட்டீஸ் வந்ததும் கடன் பத்திர நகலும் கணக்கு விவரமும் எழுதிக் கேட்டு வாங்குங்கள். "சும்மா ஒரு கையெழுத்து" என்று நீட்டும் பாக்கி ஒப்புதல் தாளைப் படிக்காமல் தொடாதீர்கள். ஈடில்லாக் கடனுக்கு வழக்குக் காலவரம்பு பொதுவாக 3 ஆண்டு. அது முடியுமுன் போடும் ஒப்புதல் கையெழுத்து, அந்த 3 ஆண்டுக் கணக்கை அன்றிலிருந்து புதிதாகத் தொடங்கிவிடும். மற்றவர் சார்பில் கையெழுத்திட உங்களுக்கு அதிகாரம் இல்லாதவரை, உங்கள் ஒப்புதல் உங்களை மட்டுமே கட்டும் (காலவரையறைச் சட்டம் 1963, 20ஆம் பிரிவு).

பலரும் ஏமாறும் இடம் சமரசத் தீர்வு. வங்கி ஒருவரை மட்டும் "நீ இவ்வளவு கட்டு, விட்டுவிடுகிறோம்" என்று விடுவித்தால், மற்ற இருவரின் கடன் தீராது. விடுபட்டவரும் முழுசாகத் தப்பவில்லை: மற்றவர்கள் தங்கள் பங்குக்கு மேல் கட்டினால் அவரிடம் கேட்கலாம் (ஒப்பந்தச் சட்டம் 44ஆம் பிரிவு). அதனால் தீர்வுக் கடிதத்தில் மூன்று பெயரும், "முழுக் கடனும் தீர்ந்தது" என்ற வாசகமும் இருக்க வேண்டும்.

நீங்களே முழுவதையும் கட்ட நேர்ந்தால் ரொக்கம் வேண்டாம். உங்கள் கணக்கிலிருந்து மாற்றி, ரசீதில் கடன் எண்ணோடு கட்டியவர் பெயரையும் எழுதி வாங்குங்கள். மற்ற இருவரிடமும் ஆளுக்கு 1,50,000 கேட்கலாம். ஒருவரிடம் வசூலிக்க வழியே இல்லையென்றால் அந்த 1,50,000ஐ மீதி இருவரும் பாதிப்பாதி சுமக்க வேண்டும். ஆளுக்கு 2,25,000 ஆகிவிடும். ஜாமீன்தாரர் கட்டினால் கணக்கு வேறு: மொத்தத்தையும் கடனாளியிடமே திருப்பிக் கேட்கலாம் (145ஆம் பிரிவு), வங்கியிடம் இருந்த அடமான உரிமையும் அவருக்கு வரும் (140, 141). இதை நடைமுறையில் காக்க ஒரு வழி, பணம் கட்டுமுன்பே "அடமானப் பத்திரத்தைக் கடனாளியிடம் விடுவிக்க வேண்டாம்" என்று வங்கிக்குக் கடிதம் கொடுத்து, நகலில் முத்திரை வாங்குவது. கடன் முடிந்ததும் 30 நாளுக்குள் அசல் பத்திரங்களைத் திருப்பித்தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி. தாமதித்தால் அந்தக் காகிதம் கைமாறிவிடும்.

பணம் கட்டிய நாளிலிருந்து 3 ஆண்டுக்குள் வழக்குப் போட வேண்டும். முதலில் வக்கீல் நோட்டீஸ். பிறகு லோக் அதாலத்தில் (மக்கள் நீதிமன்றத்தில்) முயலலாம், அங்கே நீதிமன்றக் கட்டணம் கிடையாது. சேர்ந்து கடன்பட்டவர் இறந்துவிட்டால் வாரிசுகளிடம் கேட்கலாம், ஆனால் அவர்களுக்கு வந்த சொத்தின் அளவு வரைதான். கடன் முடிந்ததும் பாக்கியில்லாச் சான்றை மூவர் பெயரிலும் வாங்கி, இரண்டு மாதம் கழித்து ஒவ்வொருவரின் சிபில் அறிக்கையிலும் (கடன் வரலாற்று அறிக்கை) அந்தக் கடன் முடிந்ததாகக் காட்டுகிறதா என்று பாருங்கள்.