“வேண்டாம்னு சொல்லிட்டா?” – முதன்முதலாகச் சரக்கோடு கிளம்புகிறவர்களுக்கு

வீட்டில் பொடி அரைத்து விற்க நினைக்கிறவர்கள் நிறையப் பேரை எனக்குத் தெரியும். பருப்புப் பொடி, கறிவேப்பிலைப் பொடி, இட்லிப் பொடி என்று எதை எடுத்தாலும் கைப்பக்குவம் அருமையாக இருக்கும். பாக்கெட் போட்டு, லேபிள் ஒட்டி எல்லாம் தயார். ஆனால் தெருமுனைக் கடையில் போய் “இதை வெச்சு வித்துத் தர்றீங்களா?” என்று கேட்க வேண்டிய இடத்தில் கால் நின்றுவிடுகிறது. நாளைக்குப் போகலாம், வெள்ளிக்கிழமை போகலாம் என்று தள்ளிக்கொண்டே போய், கடைசியில் பொடியின் வாசனை போய்விடுகிறது. நல்ல சரக்கு இப்படி வீணாவதைப் பார்க்க எனக்கு மனசு தாங்காது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

பொடி வியாபாரத்தை வைத்தே சொல்கிறேன். தையல், ட்யூஷன், கேக், ஆரி வேலை என்று எதைச் செய்கிறவருக்கும் வழி பெரும்பாலும் இதுதான்.

1. எந்த இடத்தில் பயம் என்று கண்டுபிடியுங்கள்

“எனக்கு மார்க்கெட்டிங் வராது” என்று மொத்தமாகச் சொல்லாதீர்கள். ஒரு தாளை எடுத்து, யாரிடம் எதைக் கேட்க உங்களுக்குத் தயக்கம் என்று வரிவரியாக எழுதுங்கள். ஒருவருக்கு முன்பின் தெரியாத கடைக்காரரிடம் பேசத்தான் பயம். இன்னொருவர் எந்தக் கடையிலும் சரளமாகப் பேசிவிடுவார், ஆனால் பெரியம்மாவிடம் “பாக்கெட் 60 ரூபாய்” என்று சொல்ல வாய் வராது. வேறொருவர் விற்பதுவரை சரியாகச் செய்து, பாக்கிப் பணத்தைக் கேட்கத் தயங்குவார். மூன்றுக்கும் தீர்வு வேறு வேறு.

மறுப்பு மனசை உறுத்துவது உங்கள் பலவீனம் இல்லை. 2003இல் நயோமி ஐசன்பெர்கர் என்ற உளவியலாளரும் அவருடைய குழுவும் ஒரு சோதனை நடத்தினார்கள். கணினியில் மூன்று பேர் பந்து போட்டு விளையாடுவதுபோல ஒரு விளையாட்டு. கொஞ்ச நேரத்தில் மற்ற இருவரும் சோதனைக்கு வந்தவருக்குப் பந்தைப் போடாமல் ஒதுக்கிவிடுவார்கள். அப்போது அவருடைய மூளையை ஸ்கேன் செய்து பார்த்தால், உடம்பு வலியின் வேதனையோடு தொடர்புள்ள ஒரு பகுதி கூடுதலாக இயங்கியது. ஒரு சாதாரண விளையாட்டுக்கே அப்படியென்றால், கைப்பட அரைத்த பொடியை ஒருவர் திருப்பிக் கொடுக்கும்போது வலிக்கத்தான் செய்யும். நம் ஊரில் இன்னொன்றும் சேர்ந்துகொள்கிறது: வேண்டாம் என்று சொன்னவரை நாளைக்கே கோயிலிலோ கல்யாண வீட்டிலோ பார்த்தாக வேண்டும்.

2. கேள்விகளுக்குப் பதில் தயார் செய்யுங்கள்

பயத்தில் பெரிய பங்கு, ஏதாவது கேட்டால் விழித்துவிடுவோமோ என்பதுதான். அதைக் கிளம்பும் முன்பே குறைத்துவிடலாம். உணவுப் பொருளென்றால் எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. (மத்திய அரசின் உணவுப் பாதுகாப்பு ஆணையம்) பதிவு எடுத்து, அந்த 14 இலக்க எண்ணை லேபிளில் போடுங்கள். சேர்த்திருக்கும் பொருட்கள், நிகர எடை, தயாரித்த தேதி, எதுவரை பயன்படுத்தலாம், எம்.ஆர்.பி., உங்கள் முகவரி, சைவத்துக்கான பச்சைக் குறி எல்லாம் இருக்க வேண்டும். கடைக்காரர் பாக்கெட்டைத் திருப்பிப் பார்க்கும் அந்த இரண்டு நொடியில் இவைதான் உங்களுக்காகப் பேசும்.

விலையையும் முன்பே முடிவு செய்யுங்கள். உதாரணத்துக்கு, 100 கிராம் பாக்கெட் எம்.ஆர்.பி. 60, கடைக்கு 50. விற்காத பாக்கெட்டைத் திரும்ப எடுத்துக்கொள்வீர்களா, எத்தனை நாளில் பணம் வேண்டும் என்பதும் மனதில் தெளிவாக இருக்கட்டும். நின்ற இடத்தில் கணக்குப் போட ஆரம்பித்தால் குரல் தானாக இறங்கிவிடும்.

3. சின்னதாகக் கேட்டுப் பழகுங்கள்

கிணற்றில் நீச்சல் பழகுகிறவரை யாரும் முதல் நாளே நடுக்கிணற்றில் இறக்குவதில்லை. படியைப் பிடித்துக்கொண்டு காலை அடிக்கச் சொல்வார்கள். இங்கேயும் அப்படித்தான். நேராகப் பெரிய சூப்பர் மார்க்கெட்டுக்குப் போகாதீர்கள். சொந்தக்காரர்களிடமும் முதலில் போக வேண்டாம் (ஏன் என்று பின்னால் சொல்கிறேன்). பிள்ளையின் பள்ளிக்கூட வாசலில் பார்க்கும் அம்மாக்கள், அப்பார்ட்மென்டில் பக்கத்து பிளாக்காரர்கள், கணவரோடு வேலை செய்கிறவர்கள் என்று ஓரளவுக்குத் தெரிந்த முகங்கள்தான் ஆரம்பத்துக்குச் சரி.

அவர்களிடமும் “வாங்கிக்கோங்க” என்று தொடங்க வேண்டாம். 20 கிராம் சாம்பிள் பாக்கெட் கொடுத்து, “நானே அரைச்சது. சோத்துல போட்டு நெய் விட்டுச் சாப்பிட்டுப் பார்த்து, உப்பு காரம் சரியா இருக்கான்னு சொல்றீங்களா?” என்று கேளுங்கள். இதற்கு மறுப்பவர் குறைவு. உங்களுக்கும் முன்வந்து பேசிய பழக்கம் உண்டாகும். இரண்டு நாள் கழித்து நீங்களே போய்க் கேளுங்கள். அவராக வந்து சொல்வார் என்று காத்திருக்க வேண்டாம்.

நாம் நினைக்கிற அளவுக்கு ஆட்கள் மறுப்பதில்லை என்பதற்கு ஓர் ஆய்வே இருக்கிறது. ஃபிரான்சிஸ் ஃபிளின், வனெஸ்ஸா லேக் என்ற இருவர் 2008இல் வெளியிட்டது. முன்பின் தெரியாத ஐந்து பேரிடம் ஒரு படிவத்தை நிரப்பி வாங்க, எத்தனை பேரிடம் கேட்க வேண்டியிருக்கும் என்று முதலில் ஊகிக்கச் சொன்னார்கள். சுமார் 20 பேர் என்றார்கள். போய்க் கேட்டபோது சுமார் 10 பேரிலேயே வேலை முடிந்துவிட்டது. காசு கொடுத்து வாங்குவது வேறு விஷயம்தான். ஆனால் நேரில் நின்று மரியாதையாகக் கேட்கிறவரைத் தட்டிக்கழிப்பது எதிரில் இருப்பவருக்கும் சங்கடம் என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

4. கடைக்குப் போகும் நாள்

எப்போது போகிறீர்கள் என்பதிலேயே பாதி முடிவாகிவிடுகிறது. காலையில் கடை திறந்தவுடன் போகாதீர்கள். போணி ஆகும் முன்பு விற்க வருகிறவரைப் பார்த்தால் எந்தக் கடைக்காரருக்கும் முகம் சுளிக்கும். சாயங்காலம் 6 மணிக்கு மேல் கூட்டம். மாதத்தின் முதல் வாரம் சம்பளம் வந்து எல்லோரும் மளிகை லிஸ்ட்டோடு நிற்பார்கள். பதினைந்தாம் தேதியை ஒட்டி, காலை 11 மணிக்கு மேலோ பிற்பகல் 3 மணி வாக்கிலோ போனால் அவருக்கும் பேச நேரம் இருக்கும். கல்லாவில் ஆள் நின்றால் ஓரமாக ஒதுங்கி நில்லுங்கள். வாடிக்கையாளரை முந்திக்கொண்டு பேசினால் அங்கேயே பேச்சு முடிந்துவிடும்.

பேச்சு நீளமாக இருக்க வேண்டாம். இப்படித் தொடங்கலாம்:

“வணக்கம் அண்ணாச்சி. நான் ரெண்டு தெரு தள்ளி, பிள்ளையார் கோயில் பக்கத்துல இருக்கேன். வீட்டுல பருப்புப் பொடி அரைச்சுக் குடுக்கிறேன். இது சாம்பிள், நீங்க சாப்பிட்டுப் பார்க்க. அஞ்சு பாக்கெட் மட்டும் வெச்சுக்கோங்க. வித்தா காசு குடுங்க, விக்கலைன்னா பதினஞ்சு நாள்ல நானே எடுத்துக்கறேன்.”

இதில் கவனிக்க வேண்டியது அந்த ஐந்து பாக்கெட். ஐம்பது என்றால் அவர் யோசிப்பார். ஐந்துக்கு இடம் இருக்கிறது, நஷ்டமும் இல்லை. பக்கத்துத் தெரு என்று சொன்னதால் நீங்கள் ஓடிப்போகிற ஆள் இல்லை என்பதும் புரிந்துவிடும்.

சொல்லி முடித்ததும் பேசாமல் நில்லுங்கள். புதிதாகப் போகிறவர்களுக்கு இதுதான் மிகவும் கஷ்டம். அவர் பாக்கெட்டைப் புரட்டிக்கொண்டிருக்கும்போது பதற்றத்தில் “விலை வேணா குறைச்சுக்கலாம்ணே”, “பிடிக்கலைன்னா பரவாயில்லை” என்று நாமே மறுப்பை எடுத்துக் கொடுத்துவிடுவோம். அவர் யோசிக்கட்டும். இந்தப் பேச்சை வீட்டில் யாரையாவது கடைக்காரராக உட்காரவைத்து, வேண்டுமென்றே மறுக்கச் சொல்லிப் பழகிப் பாருங்கள். வாய்விட்டுச் சொல்லிப் பழகிய வாக்கியம் பதற்றத்திலும் தடுக்காமல் வரும்.

5. மறுத்தால் என்ன கேட்பது

மறுத்துவிட்டார் என்றே வைத்துக்கொள்வோம். அவர் சொன்ன காரணத்தைக் கவனித்துக் கேளுங்கள். “இந்த ஐட்டம் ஏற்கெனவே நாலு கம்பெனி இருக்கு” என்றால் பிரச்சினை பொடியில் இல்லை, அலமாரியில். “கறிவேப்பிலைப் பொடி இருக்கா உங்ககிட்ட?” என்று கேட்டுப் பாருங்கள். “விலை ஜாஸ்தி” என்றால் 50 கிராம் பாக்கெட் பற்றிக் கேளுங்கள். “முதலாளி இல்லை” என்றால் அது மறுப்பே இல்லை. அவர் எப்போது வருவார் என்று கேட்டுக்கொண்டு வாருங்கள். “அப்புறம் பாக்கலாம்” என்பது சில சமயம் மரியாதைக்குச் சொல்வது, சில சமயம் நிஜம். “அடுத்த மாசம் இருபதாம் தேதி வாக்குல வரட்டுமாண்ணே?” என்று தேதியோடு கேட்டால் எது என்று அவருடைய பதிலிலேயே தெரிந்துவிடும்.

எந்தக் காரணமும் சொல்லாமல் கையசைத்துப் போகச் சொல்கிறவரும் உண்டு. அவரிடம் ஒன்றும் கேட்க வேண்டாம். நன்றி சொல்லிவிட்டு அடுத்த கடைக்குப் போங்கள், அதுவும் அன்றைக்கே. முதல் மறுப்போடு வீட்டுக்குத் திரும்பினால் ராத்திரி முழுக்க அந்தக் கையசைப்புதான் கண்ணில் நிற்கும். அதனால்தான் ஒரு கடைக்கென்று கிளம்பாமல், ஒரே தெருவில் மூன்று நான்கு கடைகளாகப் பார்த்துக் கிளம்பச் சொல்கிறேன்.

ஒரே குறையை மூன்று நான்கு பேர் சொன்னால் சரக்கைத் திருத்துங்கள். காரம் தூக்கல் என்று எல்லோரும் சொன்னால் மிளகாயைக் குறைக்க வேண்டியதுதான். ஒருவர் மட்டும் சொன்னால் அது அவருடைய நாக்கு.

6. வாட்ஸ்அப்

ஸ்டேட்டஸைப் பார்த்துவிட்டு யாரும் ஒன்றும் கேட்கவில்லையே என்று பலர் சோர்ந்துபோகிறார்கள். பெரும்பாலானவர்கள் ஸ்டேட்டஸை விரலால் தள்ளிக்கொண்டே போகிறவர்கள். உங்கள் பொடியை எடை போட்டு ஒதுக்கியவர்கள் இல்லை. பிராட்காஸ்ட் லிஸ்ட்டில் (ஒரே செய்தியைப் பலருக்கும் தனித்தனியாக அனுப்பும் வசதி) அனுப்பினால், உங்கள் எண்ணைச் சேமித்து வைத்திருப்பவர்களுக்கு மட்டுமே போய்ச் சேரும். அதனால் சாம்பிள் கொடுக்கும்போதே எண்ணைச் சேமித்துக்கொள்ளச் சொல்லுங்கள். தெரியாதவர்களுக்கு மொத்தமாக அனுப்ப வேண்டாம். பலர் பிளாக் செய்து புகார் கொடுத்தால் கணக்கே முடங்கும். படத்தோடு விலையையும் போட்டுவிடுங்கள். விலை கேட்கக் கூச்சப்பட்டே விலகுகிறவர்கள் நிறைய.

7. சொந்தக்காரர்கள்

தெரியாதவர் மறுத்தால் ஒரு நாளில் மறந்துபோகும். சித்தி “இதுக்கு அறுபது ரூபாயா? நானே அரைச்சுக்குவேன்” என்றால் வருஷக்கணக்கில் மனசில் நிற்கும். அதோடு, சொந்தத்தில் பாராட்டும் இலவசம், பாக்கெட்டும் இலவசம் என்று ஆகிவிடும். அதனால்தான் அவர்களைப் பின்னால் வைக்கச் சொன்னேன். கடையில் நாலு பாக்கெட் விற்ற பிறகு போனால் நிற்கிற விதமே வேறாக இருக்கும்.

முதல் பாக்கெட்டை அன்பளிப்பாகக் கொடுங்கள். “சித்தி, இது உங்களுக்கு. அடுத்த தடவைலேர்ந்து கடை விலைதான், வியாபாரமா பண்றேன்ல” என்று சிரித்துக்கொண்டே அப்போதே சொல்லிவிடுங்கள். பின்னால் சொல்லலாம் என்று விட்டால் சொல்லவே முடியாது. அவர் வாங்காவிட்டாலும் சித்திதான், உறவில் அந்தக் கணக்கைக் கொண்டுவர வேண்டாம்.

8. நோட்டு

ஒரு நோட்டில் தேதி, கடை, பேசியவர், அவர் சொன்ன வார்த்தை, அடுத்து போக வேண்டிய நாள் என்று எழுதி வையுங்கள். அவர் சொன்னபடியே எழுதுங்கள். “அவமானப்படுத்திட்டார்” என்று எழுதாதீர்கள். “இப்ப எடம் இல்லைம்மா” என்றாரா, அதை அப்படியே எழுதுங்கள். பல வாரம் கழித்துப் படிக்கும்போது, மனசு அன்றைக்குக் கேட்டது ஒன்று, அவர் சொன்னது இன்னொன்று என்று தெரியும்.

நோட்டில் வாரத்துக்கு இத்தனை கடையில் கேட்பது என்று இலக்கு வையுங்கள், இத்தனை விற்பது என்று வேண்டாம். கேட்பது மட்டும்தான் உங்கள் கையில் இருக்கிறது. இவ்வளவு செய்தும் யாரிடம் பேசப் போனாலும் படபடப்பு, தூக்கமின்மை என்று இருந்தால் அது வியாபாரப் பயத்தைத் தாண்டியது. 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவி) இலவச எண்ணில் தமிழிலேயே பேசலாம்.

சொன்ன தேதியில் தவறாமல் போங்கள். விற்காத பாக்கெட் இருந்தால் முணுமுணுக்காமல் எடுத்துக்கொண்டு புதுச் சரக்கை வையுங்கள். மறுத்த கடைக்கும், அவர் வரச் சொன்ன நாளில், அதே நேரத்துக்குப் போய் நில்லுங்கள். “போன மாசம் வரச் சொன்னீங்கண்ணே” என்று நோட்டைப் பார்த்துச் சொன்னால், நீங்கள் இந்தத் தொழிலில் இருக்கப்போகிற ஆள் என்று அவரும் பேச ஆரம்பிப்பார்.