‘மாத்திரை போட்டாச்சா?’: கைக்கடிகாரத்துக்கு நாமே ஒரு ஆப் எழுதுவது

காலையில் மாத்திரை போட்டோமா இல்லையா என்று பத்து மணிக்கு ஒரு சந்தேகம் வரும் பாருங்கள், அதற்காகத்தான் நான் முதன்முதலில் கடிகாரத்துக்கு ஆப் எழுதினேன். போனில் இதற்கு எத்தனையோ ஆப் உண்டு, ஆனால் போனைக் கையில் எடுத்தால் வேறு நாலு விஷயம் கண்ணில் பட்டு, எதற்கு எடுத்தோம் என்பதே மறந்துவிடுகிறது. மணிக்கட்டைத் திருப்பினால் ‘காலை 7:40’ என்று தெரிய வேண்டும், நேரம் தெரியவில்லை என்றால் இன்னும் போடவில்லை என்று அர்த்தம். எனக்குத் தேவை அவ்வளவுதான். அந்த ஆப்பை வைத்தே முழு வழியையும் சொல்கிறேன். உங்களுக்கு வேண்டியது வேறு ஏதாவது என்றாலும் படிகள் பெரிதாக மாறாது.

முதலில் எந்தக் கடிகாரம் என்று பார்த்துவிடலாம். ஆப்பிள் வாட்சுக்கு எழுத மேக் கணினியும் ஸ்விஃப்ட் மொழியும் வேண்டும். கூகுளின் வேர் ஓஎஸ் ஓடும் கடிகாரம் என்றால் ஆண்ட்ராய்டு ஸ்டூடியோவும் கோட்லினும். கார்மினுக்கு மங்கி சி என்று தனி மொழியே இருக்கிறது. பைன்டைம் திறந்த மூலம்தான், ஆனால் அதில் ஓடும் இன்ஃபினிடைமில் ஒரு ஆப்பைச் சேர்க்க சி பிளஸ் பிளஸில் எழுதி ஃபர்ம்வேர் (கடிகாரத்தை இயக்கும் அடிப்படை மென்பொருள்) முழுவதையும் கம்பைல் செய்து, அதாவது கடிகாரத்துக்குப் புரியும் வடிவத்துக்கு மாற்றி, ஏற்ற வேண்டும். என் சிபாரிசு பேங்கிள்.ஜேஎஸ் 2. ஜாவாஸ்கிரிப்டில் எழுதுகிறோம், கம்பைல் செய்யும் வேலையே இல்லை, கணினியில் எதையும் நிறுவவும் வேண்டாம், பிரவுசரிலிருந்து புளூடூத் வழியாக நேராகக் கடிகாரத்துக்குப் போய்விடும். ஒரு வரியை மாற்றினால் சில வினாடிகளில் கையில் பார்க்கலாம். புதிதாகக் கற்றுக்கொள்கிறவருக்கு இந்த வேகம் ரொம்ப முக்கியம் என்று நினைக்கிறேன், ஏனென்றால் காத்திருக்க வேண்டியிருந்தால் சோதித்துப் பார்க்கும் ஆசையே போய்விடும்.

உள்ளே இருப்பது நார்டிக்கின் என்ஆர்எஃப்52840 சிப், 64 மெகாஹெர்ட்ஸ் வேகம், 256 கிலோபைட் ரேம், கோப்புகளுக்குத் தனியாக 8 மெகாபைட் ஃபிளாஷ். போனோடு ஒப்பிட்டால் இது மிகமிகச் சின்னது. ஆனால் நாம் எழுதப்போவதும் சின்னதுதான்.

இன்னொன்று. கட்டளைகளின் பெயர்களை இங்கே ஒலிக்கிறபடி தமிழில் எழுதுகிறேன். அவற்றின் சரியான எழுத்துக்கூட்டும் என்னென்ன மதிப்புகள் கொடுக்க வேண்டும் என்பதும் எஸ்ப்ரூயினோ (இந்தக் கடிகாரத்தில் ஜாவாஸ்கிரிப்டை ஓட்டும் மென்பொருள்) தளத்தின் கட்டளைப் பட்டியலில் இருக்கின்றன, பக்கத்தில் திறந்து வைத்துக்கொள்ளுங்கள்.

இணைப்பது

பிரவுசரிலேயே நிரல் எழுத உதவும் எஸ்ப்ரூயினோ வெப் ஐடிஇ என்ற பக்கத்தை குரோம் அல்லது எட்ஜில் திறங்கள். ஃபயர்ஃபாக்ஸில் வெப் புளூடூத் வசதி இல்லாததால் வேலை செய்யாது. இடது பக்கம் கட்டளை கொடுக்கும் இடம், வலது பக்கம் நிரல் எழுதும் இடம். மேலே இடது மூலையில் இருக்கும் இணைப்பு ஐகானை அழுத்தினால் கடிகாரத்தின் பெயர் வர வேண்டும். வரவில்லை என்றால் பெரும்பாலும் ஒரே காரணம், கடிகாரம் ஏற்கெனவே உங்கள் போனோடு இணைந்திருக்கிறது. போனில் கடிகாரத்தை இணைக்கும் கேட்ஜெட்பிரிட்ஜ் ஆப் போட்டிருந்தால் அதில் துண்டித்துவிட்டு மறுபடி பாருங்கள். முதல் நாள் இதிலேயே எனக்கு ஒரு மாலைப்பொழுது போனது, அதனால்தான் முன்னாலேயே சொல்கிறேன்.

இன்னும் கடிகாரம் வாங்கவில்லையா? இணைப்பு ஐகானை அழுத்தினால் வரும் பட்டியலில் எமுலேட்டரும் (கணினித் திரையிலேயே ஓடும் பொய்க் கடிகாரம்) இருக்கிறது. திரையில் வரைவது, தொடுவது எல்லாவற்றையும் அதிலேயே பழகலாம்.

இணைந்ததும் இடது பக்கத்தில் ‘பேங்கிள் பஸ்’ கட்டளையைக் கொடுங்கள். கடிகாரம் அதிரும். நாம் தட்டின ஒரு வரிக்குக் கையில் ஒரு அதிர்வு, அந்த நிமிடத்தில்தான் இது நம் கடிகாரம் என்ற எண்ணமே வருகிறது.

திரையில் வரைவது

திரை 176க்கு 176 புள்ளிகள், உண்மையான நிறங்கள் எட்டுதான்: கறுப்பு, வெள்ளை, சிவப்பு, பச்சை, நீலம், மஞ்சள், இளநீலம், மெஜந்தா. வேறு நிறம் கேட்டால் இந்த எட்டையும் புள்ளி புள்ளியாகக் கலந்து காட்டும், சின்ன எழுத்தில் அது அசிங்கமாக இருக்கும். எட்டுக்குள்ளேயே நின்றுவிடுவது நல்லது. இந்தத் திரையின் பெரிய பலம், விளக்கு எரியாமலே எப்போதும் தெரியும், வெயிலில் இன்னும் நன்றாகத் தெரியும்.

வரைகிற எல்லாமே ‘ஜி’ என்ற ஒரே பொருளின் வழியாக நடக்கிறது. ‘கிளியர்’ திரையைத் துடைக்கும், ‘செட் ஃபான்ட்’ எழுத்தின் அளவைச் சொல்லும், ‘டிரா ஸ்ட்ரிங்’ எழுதும். ‘டிரா’ என்று ஒரு ஃபங்க்ஷன் எழுதி, முழுத் திரையையும் வரையும் வேலையை அதனிடம் மட்டும் கொடுங்கள். எது மாறினாலும் அதை மறுபடி கூப்பிட்டால் போதும். அங்கே கொஞ்சம் இங்கே கொஞ்சம் என்று வரைந்தால் பழைய எழுத்தின் மேல் புது எழுத்து ஏறி, எங்கே தப்பு என்று தேடிக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

நம் ஆப்புக்குத் திரையை மேல் பாதி, கீழ் பாதி என்று இரண்டாகப் பிரியுங்கள். மேலே காலை, கீழே இரவு. போட்டிருந்தால் பச்சைப் பின்னணியில் போட்ட நேரம், இல்லையென்றால் வெள்ளையில் ஒரு கோடு. எழுத்து பெரிதாக இருக்கட்டும், ‘வெக்டர்’ எழுத்துருவில் 40 வைத்தால் கை நீட்டின தூரத்தில் கண்ணாடி போடாமலே எனக்குத் தெரிகிறது.

‘காலை’, ‘இரவு’ என்று தமிழில் வர வேண்டுமா? கடிகாரத்தின் எழுத்துருக்களில் தமிழ் இல்லை. நம் எழுத்தில் ‘கா’, ‘லை’ எல்லாம் குறிகளைச் சரியான இடத்தில் சேர்த்து வரைய வேண்டியவை, அந்த வேலையை இந்தக் கடிகாரம் செய்யாது. நான் செய்தது, கணினியில் அந்த இரண்டு சொற்களையும் எழுதி, கறுப்பு வெள்ளைப் படமாகச் சேமித்து, எஸ்ப்ரூயினோ தளத்தில் உள்ள படம் மாற்றும் கருவியில் போட்டு, அது தருகிற நீளமான சரத்தை நிரலில் ஒட்டிவிட்டு, ‘டிரா இமேஜ்’ கட்டளையால் வரைந்தேன். எண்கள் எப்படியும் எழுத்துருவிலிருந்தே வரும். இரண்டே சொல் என்பதால் இது எளிது. தமிழில் அந்தச் சின்னத் திரையைப் பார்ப்பதற்காக இந்தப் பாடு படலாம்.

தொட்டால் என்ன நடக்க வேண்டும்

‘செட் யூஐ’ கட்டளையில் ‘கஸ்டம்’ என்று கொடுத்து, தொடும்போது எந்த ஃபங்க்ஷன் ஓட வேண்டும் என்று சொல்லுங்கள். தொட்ட இடத்தின் எக்ஸ், ஒய் மதிப்புகள் வரும். ஒய் மேலிருந்து எண்ணப்படுவதால், அது 88ஐ விடக் குறைவு என்றால் மேல் பாதி, இல்லையென்றால் கீழ் பாதி.

இங்கே கொஞ்சம் நிதானமாக யோசியுங்கள். சட்டைக் கை பட்டு ‘போட்டாச்சு’ என்று பதிவாகிவிட்டால் அன்றைக்கு மாத்திரை விட்டுப்போகும். போட்டது பதிவாகாமல் போனால் இரண்டாவது தடவை போடுவோம். இரண்டுமே கெடுதல். அதனால் தட்டியதும் ‘ஷோ பிராம்ட்’ மூலம் ‘ஆமா, இல்லை’ என்று ஒரு கேள்வி கேட்க வைத்தேன். ஆமா என்றால் முதலில் கோப்பில் எழுதி, எழுதி முடித்த பிறகுதான் அதிர வேண்டும். அந்த அதிர்வை நம்பித்தான் நாம் கையைக் கீழே விடுகிறோம், அது வந்தால் பதிவு நிச்சயம் இருக்க வேண்டும். ஒன்று கவனியுங்கள், ‘ஷோ பிராம்ட்’ வந்துபோனதும் நாம் முன்னால் அமைத்த தொடு ஏற்பாடு அழிந்துவிடும், பதில் கிடைத்ததும் ‘செட் யூஐ’யை மறுபடி கூப்பிட்டு, ‘டிரா’வையும் கூப்பிடுங்கள். இது தெரியாவிட்டால் முதல் தட்டல் வேலை செய்யும், இரண்டாவது தட்டலுக்குக் கடிகாரம் சும்மா இருக்கும்.

கொஞ்ச நேரம் தொடாமல் விட்டால் திரை பூட்டிக்கொள்ளும், பட்டனை அழுத்தினால்தான் தொடுதல் மறுபடி வேலை செய்யும். ஆகவே பதில் தெரிய எதையும் தொட வேண்டிய தேவை இருக்கக் கூடாது, பதிவு செய்ய மட்டும் தொட்டால் போதும்.

நினைவில் வைப்பது

ஆப்பை விட்டு வெளியே வந்ததும் அதன் மாறிகள் (நிரல் ஓடும்போது வைத்திருக்கும் மதிப்புகள்) எல்லாம் போய்விடும். அதனால் கோப்பில் எழுத வேண்டும். ‘ஸ்டோரேஜ்’ மாட்யூலில் ‘ரைட் ஜேசன்’, ‘ரீட் ஜேசன்’ இரண்டும் போதும். முதல் தடவை கோப்பே இருக்காது, அப்போது காலியாகத் தொடங்கும்படி எழுதுங்கள்.

போட்டேன், போடவில்லை என்று எழுதாதீர்கள். போட்ட நேரத்தை எழுதுங்கள். நான் முதலில் ஆமா, இல்லை என்று வைத்து, நள்ளிரவில் இரண்டையும் ‘இல்லை’ ஆக்க ஒரு டைமர் வைத்தேன். அது ஒரு நாளும் ஓடவில்லை, ஏனென்றால் நள்ளிரவில் கடிகாரத்தில் ஓடுவது மணி காட்டும் ஆப்தான், என்னுடையது இல்லை. நேரத்தைச் சேமித்தால் அழிக்கும் வேலையே வேண்டாம், வரையும்போது சேமித்த நேரத்தின் தேதியும் இன்றைய தேதியும் ஒன்றா என்று பார்த்தால் முடிந்தது.

அந்தத் தேதியை எடுப்பதிலும் ஒரு பள்ளம் இருக்கிறது. ‘டு ஐஎஸ்ஓ ஸ்ட்ரிங்’ தருவது கிரீன்விச் நேரப்படியான தேதி. அதை வைத்து ஒப்பிட்டால் நாள் மாறுவது உங்கள் நள்ளிரவில் நடக்காது, நீங்கள் இருக்கும் இடத்தைப் பொறுத்து விடியலிலோ மாலையிலோ நடக்கும். ‘கெட் ஃபுல் இயர்’, ‘கெட் மன்த்’, ‘கெட் டேட்’ மூன்றையும் எடுத்து ஒப்பிடுங்கள், அவை கடிகாரத்தில் நீங்கள் அமைத்த நேர மண்டலத்தின்படி வரும்.

ஒரு கோப்பை மறுபடி எழுதும்போது பழைய பிரதியின் மேல் எழுதாது, பழையதை அழிந்ததாகக் குறித்துவிட்டுப் புதிய இடத்தில் எழுதும். ஒரு நாளைக்கு இரண்டு தடவை எழுதினால் கவலையே இல்லை, வினாடிக்கு ஒரு தடவை எழுதுகிற மாதிரி ஆப் செய்தால் ஃபிளாஷ் சீக்கிரம் நிறைந்துபோகும்.

நினைவூட்டல்

ஆப் ஓடாதபோது எப்படி நினைவூட்டுவது? கடிகாரத்தின் ‘ஷெட்’ என்ற நூலகம் இருக்கிறது, அலாரங்களை எல்லாம் அதுதான் பார்த்துக்கொள்கிறது. ‘செட் அலாரம்’ கட்டளையில் ஒரு அடையாளப் பெயர், நேரம், செய்தி, தினமும் திரும்ப வர வேண்டுமா என்பவற்றைக் கொடுத்துவிட்டு ‘ரீலோட்’ செய்யுங்கள். நேரம் என்பது நள்ளிரவிலிருந்து மில்லிவினாடிக் கணக்கு, காலை எட்டு மணி என்றால் 2,88,00,000. அடையாளப் பெயரை மாற்றாமல் வைத்தால் பழைய அலாரத்தின் இடத்தில் புதியது உட்காரும், ஒன்றுக்கு மேல் ஒன்றாகச் சேராது.

ஏழரைக்கே மாத்திரை போட்டவருக்கு எட்டு மணிக்கு அலாரம் அடித்தால் எரிச்சல்தான். அந்த அலாரத்தில் ‘லாஸ்ட்’ என்று ஒரு மதிப்பு உண்டு, கடைசியாக அடித்த நாளின் தேதி எண் அது. மாத்திரை போட்டதும் அதில் இன்றைய தேதி எண்ணை எழுதி ரீலோட் செய்துவிட்டால், இன்றைக்கு அடித்தாயிற்று என்று அலாரம் விட்டுவிடும். எனக்கு இந்த ஆப்பிலேயே பிடித்த பகுதி இதுதான்.

ஆனால் ஒரு வேளை தவறினால் ஆபத்து என்கிற மருந்துக்கு இதை மட்டும் நம்பாதீர்கள். சார்ஜ் தீர்ந்தால் அலாரமும் இல்லை.

பேட்டரி

பேட்டரி 200 மில்லியாம்பியர் மணிதான், அதிலேயே வாரக்கணக்கில் ஓடுவதற்குக் காரணம் சிப் பெரும்பாலான நேரம் தூங்குவது. நம் நிரல் அதை எழுப்பிக்கொண்டே இருக்கக் கூடாது. திரையில் நிமிடம் மட்டும் காட்டினால் வினாடிக்கொரு முறை வரையாதீர்கள். அடுத்த நிமிடம் தொடங்க எவ்வளவு மீதி இருக்கிறது என்று கணக்குப் போட்டு ‘செட் டைம்அவுட்’ வையுங்கள். இதயத் துடிப்பு, ஜிபிஎஸ் இவற்றை நீங்கள் எழுதும் ஆப் பயன்படுத்தினால் உங்கள் ஆப்பின் பெயரைக் கொடுத்து இயக்குங்கள், வேலை முடிந்ததும் அதே பெயரில் அணையுங்கள். அப்படிச் செய்தால் வேறொரு ஆப் பயன்படுத்திக்கொண்டிருப்பதை நீங்கள் தெரியாமல் நிறுத்திவிட மாட்டீர்கள். ஜிபிஎஸ்ஸை அணைக்க மறந்தால் சில மணி நேரத்தில் கடிகாரம் படுத்துவிடும்.

ஆப்பாக நிறுவுவது

இதுவரை ரேமில் ஏற்றித்தான் சோதித்தோம், கடிகாரம் மறுபடி தொடங்கினால் போய்விடும். சரியாக ஓடுகிறது என்று தெரிந்த பிறகு ஐடிஇயில் ஏற்றும் இடத்தை ஸ்டோரேஜ் என்று மாற்றி, ஆப்பின் பெயரோடு ‘ஆப் ஜேஎஸ்’ என்று முடியும் கோப்பாகச் சேமியுங்கள். கோப்பின் பெயர் 28 எழுத்துக்குள் இருக்க வேண்டும். அப்புறம் ‘இன்ஃபோ’ என்று முடியும் சின்னக் கோப்பு ஒன்று. ஆப்பின் அடையாளமும் பெயரும் எந்த நிரலைத் திறக்க வேண்டும் என்பதும் அதில் இருக்கும். இது இல்லாவிட்டால் லாஞ்சரில், அதாவது கடிகாரத்தின் ஆப் பட்டியலில், ஆப் தெரியாது. ஐகான் வேண்டுமென்றால் 48க்கு 48 படம்.

மற்றவர்களுக்கும் கொடுக்க நினைத்தால், கிட்ஹப்பில் பேங்கிள் ஆப்ஸ் களஞ்சியத்தை ஃபோர்க் செய்து (உங்கள் கணக்கில் ஒரு பிரதி எடுத்து), உள்ளே இருக்கும் மாதிரி ஆப் ஃபோல்டரை நகலெடுத்து, உங்கள் கோப்புகளையும் ஆப்பின் விவரங்கள் இருக்கும் மெட்டாடேட்டா கோப்பையும் மாற்றி எழுதுங்கள். கிட்ஹப் பேஜஸை இயக்கினால் உங்கள் சொந்த ஆப் லோடர் பக்கமே கிடைத்துவிடும், அங்கிருந்தே நண்பரின் கடிகாரத்தில் ஏற்றலாம். மெட்டாடேட்டாவில் ‘டேட்டா’ என்ற இடத்தில் மாத்திரை நேரங்களைச் சேமிக்கும் கோப்பின் பெயரைக் கட்டாயம் எழுதுங்கள், அப்போதுதான் ஆப்பை நீக்கும்போது அந்தப் பதிவுகளும் கடிகாரத்திலிருந்து அழியும்.