காற்றாலையின் வடிவமைப்புச் சான்றிதழை வாசிப்பது எப்படி?

காற்றாலை வாங்கப் போகிறவர், சான்றிதழில் 'ஐ.இ.சி. 61400-1' என்ற எண்ணைக் கண்டதுமே மனநிறைவு அடைந்துவிடக் கூடாது. சர்வதேச மின்தொழில்நுட்ப ஆணையத்தின் இந்தத் தரநிலை 2005-இல் மூன்றாம் பதிப்பாகவும் 2019-இல் நான்காம் பதிப்பாகவும் வெளிவந்திருப்பதால், எந்தப் பதிப்பின்படி சான்று தரப்பட்டது என்பதை முதலில் குறித்துக்கொள்ளுங்கள்.

அடுத்து வகையைப் பாருங்கள். உண்மையில் முடிவைத் தீர்மானிப்பது இதுதான். வகையின் எண், சுழலி மையத்தின் உயரத்தில் 50 ஆண்டுகளுக்கு ஒருமுறை எதிர்பார்க்கப்படும் பத்து நிமிடச் சராசரிக் காற்று வேகத்தைக் குறிக்கிறது: முதல் வகைக்கு நொடிக்கு 50 மீட்டர், இரண்டாவதற்கு 42.5, மூன்றாவதற்கு 37.5. திடீரென அடிக்கும் காற்றின் உச்ச வீச்சு இதைப்போல் 1.4 மடங்கு எனக் கொள்ளப்படுவதால், இரண்டாம் வகை இயந்திரம் 59.5 மீட்டர் வேக வீச்சைத் தாங்க வேண்டும். எண்ணை அடுத்து வரும் எழுத்து காற்றின் கொந்தளிப்பை, அதாவது வேகம் சராசரியிலிருந்து எவ்வளவு ஏறி இறங்குகிறது என்பதைச் சொல்கிறது. நொடிக்கு 15 மீட்டர் வேகத்தில் ஏ என்றால் 16 விழுக்காடு, பி என்றால் 14, சி என்றால் 12.

ஆண்டுச் சராசரி வேகத்தை மட்டும் பார்த்து வகையைத் தேர்வது ஆபத்தானது. சராசரி குறைவாக உள்ள இடத்திலும் புயல் அடிக்கலாம். மேடுபள்ளமான நிலமும், நெருக்கமாக நிற்கும் மற்ற காற்றாலைகள் பின்னால் விடும் கலங்கிய காற்றும் இறக்கையின் அடிப்பகுதியை ஓயாமல் வளைத்து நிமிர்த்தி, தேய்வை விரைவுபடுத்தும். ஆகவே, உங்கள் இடத்தில் குறைந்தது ஓராண்டு அளந்த காற்றுத் தரவை, அண்டை இயந்திரங்களால் கூடும் கொந்தளிப்பையும் சேர்த்து, சான்றிதழ் மதிப்புகளுடன் ஒவ்வொன்றாக ஒப்பிடுங்கள். 'எஸ்' வகை என்றிருந்தால் அந்த மதிப்புகளை வடிவமைப்பாளரே வகுத்திருக்கிறார் என்று பொருள். அவற்றை எழுத்தில் கேட்டுப் பெறுங்கள்.

பாதுகாப்பு அமைப்பில் சமரசமே கூடாது. மிகைவேகம், அதிர்வு, கம்பிவடம் அளவுக்கு மீறி முறுக்கிக்கொள்ளுதல் ஆகியவற்றின்போது, வழக்கமான கட்டுப்பாட்டு அமைப்பு தவறினாலும் இயந்திரம் பாதுகாப்பான நிலைக்கு வந்தாக வேண்டும். மின்தொகுப்பு அறுந்த நேரத்திலும் இறக்கைகள் காற்றின் பிடியிலிருந்து திரும்பிச் சுழலியை மெதுவாக்குகின்றனவா என்பதை, ஒப்படைப்புச் சோதனையில் நேரில் நின்று பாருங்கள்.

சுழற்சிப் பரப்பு 200 சதுர மீட்டருக்கு மேற்படாத சிறிய காற்றாலைக்கு 61400-2 பொருந்தும்; கடலடியில் ஊன்றி நிற்பதற்கு 61400-3-1. இறக்கையின் முழு அளவுச் சோதனைக்கு 61400-23, இடிமின்னல் காப்புக்கு 61400-24 ஆகியவற்றின் அறிக்கைகளையும் ஒப்பந்தத்தில் கையெழுத்திடுவதற்கு முன்பே கேளுங்கள்.